கம்பியும் கட்டையும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஆங்கில ரொக், பொப் குழுக்களைப் பற்றியவை. ஆர்மோனியத்தில் சுருதி பிடித்துப் பழகியவர்களுக்காக சில இடங்களில் கட்டைக் கணக்கும் சேர்த்திருக்கிறோம்: சி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு.

கேள்வி: எங்கள் குழு 'ஹோட்டல் கலிபோர்னியா'வை ஒரு வருடமாக வாசிக்கிறது. கோட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எல்லாம் சரி. ஆனாலும் ரெக்கோர்டில் கேட்கிற மாதிரி வரவில்லை, மண்மூட்டை போலக் கனக்கிறது. எங்கே பிழை?
– கிற்றார் வாசிப்பவர், கல்முனை

பதில்: விரலில் பிழை இல்லை. கிற்றாரின் எந்த இடத்தில் பிடிக்கிறீர்கள் என்பதில்தான் பிழை. ஈகிள்ஸ் குழுவின் இந்தப் பாட்டு 1976 டிசம்பரில் வெளியான இசைத்தட்டில் வந்தது. தொடக்கத்தில் கேட்கும் அந்தக் கண்ணாடிச் சத்தத்தை டொன் ஃபெல்டர் பன்னிரண்டு கம்பிக் கிற்றாரில், ஏழாவது ஃபிரெட்டில் (கிற்றார்க் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டி வாசித்தார். நீங்கள் இரண்டாவது ஃபிரெட்டில் பி மைனரை முழுக்கையால் அழுத்திப் பிடிக்கும்போது தடித்த கம்பிகள் முழங்குகின்றன. அதே இடத்தில் பேஸ் கிற்றாரும் முழங்குகிறது. இரண்டும் மோதுவதுதான் உங்கள் மண்மூட்டை.

ஏழில் கேப்போவைப் போட்டு இந்த எட்டுப் பிடிகளையும் ஒவ்வொன்றும் ஒரு தாளச் சுற்றாக வாசியுங்கள்: ஈ மைனர், பி, டி, ஏ, சி, ஜி, ஏ மைனர், பி. காதில் விழுவது பி மைனர், எஃப் ஷார்ப், ஏ, ஈ, ஜி, டி, ஈ மைனர், எஃப் ஷார்ப். 'பி'யை முழுக்கையால் பிடிக்க முடியாவிட்டால் பி செவன்த் போதும். பன்னிரண்டு கம்பிக் கிற்றாருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஆறு கம்பிக் கிற்றார் இரண்டு இருந்தால் ஒருவர் கேப்போவோடு கம்பி கம்பியாக மீட்டட்டும். மற்றவர் முதல் சரணம் முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கட்டும். இதுதான் எங்கள் குழுக்களுக்கு வராத வேலை. மேடையில் நிற்கிற எல்லோரும் எந்நேரமும் வாசித்தாக வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

ஏழாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டால் சுருதி விலகும் என்ற முறைப்பாடு அடிக்கடி வருகிறது. மூன்று காரணம். கேப்போ ஃபிரெட் கம்பிக்கு ஒட்டிப் பின்னால் இல்லாமல் நடுவில் நின்றால் கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறும். கேப்போ போட்டபின் மறுபடி ட்யூன் பண்ணாவிட்டாலும் ஏறும், தடித்த கம்பிகளில் இன்னும் கூட. மூன்றாவது, கிற்றாரின் கம்பி உயரம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே 3 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் எந்தக் கேப்போவும் காப்பாற்றாது. சோதனை எளிது: பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியைத் தொட்டும் தொடாமலும் மீட்டி எழும் மணிச்சத்தத்தையும், அதே ஃபிரெட்டை அழுத்தி மீட்டும் சத்தத்தையும் ட்யூனரில் பாருங்கள். அழுத்தியது மேலே போனால் பாலத்தில் கம்பிகளைத் தாங்கும் வெள்ளைக் கட்டையின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரசிக் குறைக்க வேண்டும். ஒரேயடியாக உரசிவிட்டால் கம்பி ஃபிரெட்டில் பட்டு இரையும். பிறகு புதுக்கட்டைதான்.

வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 75 அடி. மேடையில் பதற்றத்தில் 85க்குப் போய்விடுகிறது. இந்தப் பாட்டுக்குக் குழுவினர் முதலில் வைத்திருந்த தற்காலிகப் பெயர் 'மெக்சிகன் ரெகே'. ரெகே என்ற அந்த ஜமைக்கா இசையை நினைத்துக்கொண்டு ட்ரம்ஸ் வாசித்தால் அவசரம் தானாகக் குறையும்.

பாடகருக்கு எட்டவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈகிள்ஸே முதலில் ஈ மைனரில் பதிந்து, டொன் ஹென்லியின் குரலுக்குச் சரிவராமல் பி மைனருக்கு மாற்றியவர்கள். நீங்கள் ஏழு கட்டையிலிருந்து ஆறு கட்டைக்கு இறங்குங்கள்: கேப்போவை ஐந்தாவது ஃபிரெட்டுக்கு நகர்த்தினால் போதும், அதே பிடிகள். காதில் ஏ மைனரில் ஒலிக்கும்.

கர்நாடக இசை படித்தவர்கள் இதை நடபைரவி ராகம் என்று எழுதி வைத்துக்கொண்டு பாடினால் இடையில் சறுக்கும். எஃப் ஷார்ப் கோட்டில் காகலி நிஷாதம், ஏ கோட்டில் கைசிகி நிஷாதம். ஈ கோட்டில் சதுஸ்ருதி தைவதம், ஜி கோட்டில் சுத்த தைவதம். இரண்டு தைவதமும் இரண்டு நிஷாதமும் ஒரே சுற்றில் வந்து போகின்றன. ஆர்மோனியக்காரர் ஒற்றை நிஷாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் எட்டில் ஓரிடத்திலாவது கடிக்கும்.

கடைசி இரண்டு நிமிடத்துக் கிற்றார்ப் பகுதி ஃபெல்டரும் ஜோ வோல்ஷும் மாறி மாறி வாசித்து, முடிவில் இணைந்து இறங்குவது. அந்த இணைப்பு ஒரு கிற்றாரில் வராது. ஆளில்லாவிட்டால் இரண்டாவது குரலைக் கீபோட்டில் கிற்றார்ச் சத்தத்தில் வாசிக்காதீர்கள், போலி என்று உடனே தெரிந்துவிடும். ஓர்கன் சத்தத்தில் மெல்ல வாசித்தால் உறுத்தாது.

கேள்வி: எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் 'வீ வில் ரொக் யூ' தாளத்தை மாணவர்கள் எல்லோரும் தட்ட ஏற்பாடு செய்தோம். பத்து வினாடியில் குழம்பிவிட்டது. பிள்ளைகள் ஒழுங்காகத்தான் பழகினார்கள்.
– உடற்கல்வி ஆசிரியர், மட்டக்களப்பு

பதில்: பிள்ளைகளில் குறையில்லை ஐயா, காற்றில்தான் குறை. குவீன் குழுவின் இந்தத் தாளம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 81 அடி. மிதி, மிதி, கைதட்டு, ஒரு வெற்றிடம். இரண்டு மிதிக்கும் இடையே 0.37 வினாடிதான். எங்கள் வெயிலில் ஒலி வினாடிக்கு 350 மீற்றர் அளவில் போகிறது. வெபர் மைதானம் போன்ற இடத்தில் 100 மீற்றருக்கு அப்பால் நிற்கும் இல்லத்தின் சத்தம் உங்களிடம் வர 0.29 வினாடி ஆகும். அவர்களுடைய முதல் மிதி உங்கள் இரண்டாவது மிதியோடு கிட்டத்தட்ட ஒன்றாக விழுகிறது. அதைக் கேட்டுப் பிள்ளைகள் 'பிந்திவிட்டோம்' என்று தாமதிக்க, அந்தப் பக்கத்தவரும் அப்படியே தாமதிக்க, தாளம் இழுபட்டுச் செத்துப்போகும்.

மருந்து, காதை நம்பாமல் கண்ணை நம்புவது. மைதான நடுவில் மேசை மேல் ஒருவரை நிறுத்தி, ஒவ்வொரு கைதட்டுக்கும் பெரிய கொடியை வெட்டி இறக்கச் சொல்லுங்கள். எல்லோரும் கொடியைப் பார்த்தே தட்ட வேண்டும். பாட்டை ஒலிபெருக்கியில் போடுவதானால் ஒரே இடத்திலிருந்து போடுங்கள். நாலு மூலையிலும் பெட்டி வைத்தால் இன்னும் மோசம். மாணவர்களையும் நீளவாக்கில் பரப்பாமல் 30 மீற்றருக்குள் அடுக்கினால் பின்னடைவு 0.09 வினாடிக்குள் அடங்கும்.

1977 இல் இதை எழுதிய பிரையன் மே இந்தச் சிக்கலைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். முன்பு தேவாலய மண்டபமாக இருந்த ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சில பேர் பலகை மேல் மிதித்ததைத் திரும்பத் திரும்பப் பதிந்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு சிறு தாமதத்தோடு சேர்த்தார். அதனால்தான் பெருங்கூட்டம் போலக் கேட்கிறது. பாட்டில் ட்ரம்ஸே இல்லை, கிற்றாரும் கடைசியில்தான் முழங்குகிறது. மே பிறகு 2007 இல் வானியற்பியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்.

கேள்வி: 'ரிவர்ஸ் ஒஃப் பபிலோன்' பாட்டைக் கோயில் பாடகர் குழு பாடலாமா? டிஸ்கோப் பாட்டு என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள்.
– இளைஞர் குழு, புளியந்தீவு

பதில்: வரிகள் டிஸ்கோவில் பிறந்தவை அல்ல. பெரும்பகுதி வேதாகமத்தின் 137ஆம் சங்கீதம், நடுப்பகுதி 19ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம். அடிமைப்பட்டு அந்நிய நாட்டில் இருப்பவர்கள் சொந்த ஊரை நினைத்து அழுத பாட்டு. ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு இதை 1970 இல் ரெகேயாகப் பாடியது. அதில் ரஸ்தஃபாரி சமயச் சொற்கள் இருந்தன. 1978 இல் போனி எம் பாடியபோது அவை எடுக்கப்பட்டு 'ஆண்டவர்' என்ற வேதச் சொல் திரும்பி வந்தது. ஆக, தேவாலயத்துக்கு நெருக்கமானது டிஸ்கோ என்று தடுக்கப்படுகிற போனி எம் வடிவம்தான். பெரியவர்களிடம் வேதாகமத்தை விரித்துக் காட்டுங்கள். 137ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் பயங்கரமான பழிவாங்கல் பேசுவது, பாட்டில் அது இல்லை.

டியில் (இரண்டு கட்டை) வைத்தால் டி, ஜி, ஏ என்ற மூன்று கோட்ஸ் போதும். சொல்லில்லாத முனகல் பகுதியை எல்லோரும் ஒரே சுரத்தில் பாடுவதுதான் பாடகர் குழுக்கள் விடும் பிழை. குறைந்தது மூன்று குரலாகப் பிரியுங்கள். ஆண் அடிக்குரலுக்கு நல்ல ஆளைத் தேடுங்கள். போனி எம்மில் அந்தக் குரல் மேடையில் ஆடிய பொபி ஃபாரலுடையது அல்ல. குழுவை உருவாக்கிய ஜேர்மன் தயாரிப்பாளர் ஃபிராங் ஃபாரியன் ஒலிப்பதிவுக் கூடத்தில் தானே பாடி வைத்தது.

கேள்வி: அக்காவின் கல்யாண வரவேற்பில் மணமக்கள் உள்ளே வரும்போது போட நல்ல ஆங்கிலப் பாட்டு வேண்டும். 'எவ்ரி பிரெத் யூ டேக்' என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்கிறார்கள்.
– தங்கை, கல்லடி

பதில்: தங்கச்சி, அதை விடுங்கள். பொலிஸ் குழு 1983 இல் வெளியிட்ட அந்தப் பாட்டு, விட்டுப்போனவளை ஒவ்வொரு அடியாகக் கண்காணிக்கும் ஒருவனுடையது. எழுதிய ஸ்ரிங் அதைக் காதல் பாட்டாக எடுப்பதைப் பார்த்துப் பலமுறை வியந்திருக்கிறார். யூ2வின் 'வன்' உறவு முறிவைப் பேசுவது. அபாவின் 'த வின்னர் டேக்ஸ் இட் ஓல்' விவாகரத்தோடு ஒட்டிய பாட்டு. எல்லாவற்றையும் விட ஆபத்தானது எங்கள் ஊர் டி.ஜே.க்களுக்கு மிகப் பிடித்த 'ட்வென்டி ஃபைவ் மினிற்ஸ்'. டென்மார்க்கின் மைக்கல் லேர்ன்ஸ் டு ரொக் குழுவின் அந்தப் பாட்டில், காதலன் 25 நிமிடம் பிந்தி வர, அவள் மணப்பெண் உடையில் இன்னொருவனுக்கு மனைவியாகி நிற்கிறாள். மெட்டு இனிப்பாக இருப்பதால் யாரும் சொல்லைக் கவனிப்பதில்லை. ஆங்கிலம் தெரிந்த ஒரு சித்தப்பா கவனித்துவிட்டால் போதும்.

நாங்கள் சொல்வது கார்ப்பென்டர்ஸ் குழுவின் 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்' (1970). புதிதாகத் தொடங்கும் இரண்டு பேரைப் பற்றியது. அமெரிக்காவில் ஒரு வங்கி விளம்பரத்துக்காக எழுதப்பட்டுப் பிறகு முழுப்பாட்டானது. அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலிலிருந்து மணவறைக்கு 20 மீற்றர் என்றால், சேலையோடு மெல்ல நடக்கும் அடி அரை மீற்றர், ஆக 40 அடி. வினாடிக்கு ஓர் அடி வைத்தால் 40 வினாடியில் நடை முடிந்துவிடும். பாட்டு மூன்று நிமிடம். டி.ஜே.யிடம் முன்கூட்டியே இரண்டு விடயம் சொல்லுங்கள்: எந்த வினாடியிலிருந்து தொடங்குவது, மணமக்கள் இருந்தபின் சத்தத்தைப் பத்து வினாடியில் படிப்படியாகக் குறைப்பது. சட்டென்று வெட்டினால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். கோப்பை யூ.எஸ்.பி.யில் கொடுங்கள். இணையத்தை நம்பினால் வாசலில் மணமக்கள் நிற்கும் நேரத்தில் விளம்பரம் ஓடும்.

கேள்வி: 'ஸ்மோக் ஒன் த வோட்டர்' தொடக்கத்தை ஒரே கம்பியில் வாசிக்கிறேன். சின்னப் பிள்ளை வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
– உயர்தர மாணவன், அக்கரைப்பற்று

பதில்: சிரிக்கட்டும் மனே, அவர்களில் பாதிப்பேரும் பவர் கோட்டில்தான் வாசிப்பார்கள். அதுவும் பிழை. டீப் பர்ப்பிள் குழுவின் ரிச்சி பிளாக்மோர் மூன்றாவது, நாலாவது கம்பிகள் இரண்டையும் ஒன்றாக வாசிக்கிறார். இரண்டு கம்பியிலும் ஒரே ஃபிரெட் (0 என்றால் அழுத்தாத கம்பி): 0, 3, 5, 0, 3, 6, 5, 0, 3, 5, 3, 0. இப்படிப் பிடிக்கும்போது இரண்டு சுரத்துக்கும் இடைவெளி ச–ம. பவர் கோட்டில் அது ச–ப ஆகிவிடும், சத்தம் தட்டையாகிவிடும். பிக் (மீட்டும் தகடு) வேண்டாம். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இரண்டு கம்பியையும் ஒரே கணத்தில் கிள்ளுங்கள். பிக் பட்டால் ஒன்று முந்தி ஒன்று பிந்தி ஒலிக்கும். 0 வரும்போது முன் பிடித்த விரலை எடுத்துச் சத்தத்தை அடக்க வேண்டும், இல்லாவிட்டால் சேறாகும்.

1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மொன்ட்ரோ நகரில், ஃபிராங் ஸப்பாவின் கச்சேரிக்கு வந்த ஒருவர் வெளிச்சத் துப்பாக்கியைச் சுட்டதில் கசினோ எரிந்து, புகை ஜெனீவா ஏரியின் மேல் படர்ந்தது. அங்கே ஒலிப்பதிவுக்கு வந்திருந்த குழு கண்ணால் கண்டதை எழுதியது. பாட்டு அடுத்த வருடம் வெளிவந்தது.

கேள்வி: மகள் சாதாரண தரம் படிக்கிறாள். பாட்டுக் கேட்டு ஆங்கில உச்சரிப்புத் திருத்தலாம் என்று ரீச்சர் சொன்னாவாம். எந்தக் குழு நல்லது?
– தாய், ஏறாவூர்

பதில்: கார்ப்பென்டர்ஸ், அபா. கரன் கார்ப்பென்டர் ஒவ்வொரு சொல்லின் கடைசி மெய்யெழுத்தையும் விழுங்காமல் பாடுவார். 'யெஸ்டர்டே வன்ஸ் மோர்' (1973) நல்ல தொடக்கம். அபாவின் நால்வருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல, சுவீடிஷ்காரர்கள். அதனால் வசனங்கள் சிறியவை, சொற்கள் பொதுவானவை. 'ஐ ஹாவ் எ ட்ரீம்' பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் வரிகளைப் பார்க்காமல் இரண்டு தரம் கேட்டு எழுதட்டும், பிறகு ஒப்பிடட்டும். பிழைத்த சொற்களை மட்டும் பாடிப் பழகினால் போதும். நிர்வானா இப்போதைக்கு வேண்டாம், அவர்கள் சொல்வது ஆங்கிலேயருக்கே விளங்காது.

கேள்வி: 'லிவின் ஒன் எ ப்ரேயர்' கடைசியில் சுருதி ஏறும் இடத்தில் எங்கள் குழு ஒவ்வொரு மேடையிலும் உடைகிறது. கீபோட்காரர் ட்ரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும்) பட்டனை அமத்துகிறார், பிறகு எல்லாம் சரிகிறது.
– பாடகர், களுவாஞ்சிகுடி

பதில்: பொன் ஜோவி 1986 இல் வைத்த பொறி அது. பாட்டு ஈ மைனர், மூன்று கட்டை. கடைசிப் பல்லவி ஜி மைனர், ஐந்து கட்டை. வழமையாக ஆங்கிலப் பாட்டுகள் அரைச்சுரமோ ஒரு சுரமோதான் ஏறும். பக்ஸ்ட்ரீட் போய்ஸின் 'ஐ வோன்ட் இட் தட் வே' (1999) ஆறு கட்டையிலிருந்து ஏழுக்கு மட்டும் போகிறது. பொன் ஜோவி மூன்று அரைச்சுரம் தாவுகிறார்கள். போதாததற்கு, தாவுவதற்கு முந்தின சுற்றில் நாலு அடிக்குப் பதில் மூன்றே அடி. உங்கள் ட்ரம்ஸ்காரர் நாலாவது அடியை வைத்துக்கொண்டிருக்க, பாடகர் முந்தி ஏறுவார். அங்கேதான் முதல் உடைப்பு. அந்தச் சுற்றை 'ஒன்று, இரண்டு, மூன்று, ஏறு' என்று வாயால் சொல்லி, வாத்தியமில்லாமல் இருபது தரம் எல்லோரும் சேர்ந்து தட்டுங்கள்.

பட்டனை மறந்துவிடுங்கள். பல கீபோட்டுகளில் அமத்திப் பிடித்திருக்கும் சுரம் பழைய சுருதியிலேயே நிற்கும், புதிதாக அமத்துவது மட்டும் ஏறும். ஒரு கணம் இரண்டு சுருதியும் சேர்ந்து ஒலிக்கும். பாடகர் எதைப் பிடிப்பார்? பல்லவிக் கோட்ஸ் ஈ மைனர், சி, டி, ஜி, சி, டி. ஏறிய பிறகு ஜி மைனர், ஈ ஃபிளாட், எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப். மொத்தம் நாலு கோட். பட்டன் தேடும் நேரத்தில் விரல் பழகிவிடும்.

உச்சம் எட்டாவிட்டால் கடைசிப் பல்லவியை மட்டும் இறக்காதீர்கள், பாட்டின் உயிரே அந்த ஏற்றம். தொடக்கத்தையே இரண்டு கட்டைக்கு இறக்கி (டி மைனர்) முடிவில் நாலு கட்டைக்கு (எஃப் மைனர்) ஏறுங்கள். ஒத்திகையைக் கடைசிப் பல்லவியிலிருந்து தொடங்கினால், எந்தச் சுருதி சரிவரும் என்று முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தொடக்கத்தில் 'வாவ் வாவ்' என்று பேசும் சத்தம் ரிச்சி சம்போராவின் டோக் பொக்ஸ்: கிற்றார்ச் சத்தம் ஒரு குழாய் வழியாக வாய்க்குள் போய், வாயசைவில் உருமாறி மைக்குக்கு வருவது. வா பெடல் (காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் கருவி) இருந்தால் ஓரளவு கிட்ட வரலாம்.

கேள்வி: அறுகம்பையில் இரவுகளில் ஒற்றைக் கிற்றாரோடு பாடுகிறேன். வெள்ளைக்காரர் கேட்பதில் எவற்றை முதலில் பழக வேண்டும்? கம்பியும் அடிக்கடி அறுகிறது.
– பொத்துவில்

பதில்: ஒயேசிஸின் 'வொண்டர்வோல்' (1995) இல்லாமல் தப்ப முடியாது. கேப்போ இரண்டில். மோதிரவிரலை இரண்டாவது கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டிலும், சின்னவிரலை முதல் கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டிலும் வைத்துவிட்டுச் சரணம் முழுக்க எடுக்காதீர்கள். மற்ற இரண்டு விரலால் ஈ மைனர் செவன்த், ஜி, டி சஸ் ஃபோர், ஏ செவன்த் சஸ் ஃபோர் என்று மாறுங்கள். மேலே இரண்டு சுரம் அசையாமல் நிற்பதுதான் அந்தப் பாட்டின் நிறம். சாதாரண ஈ மைனர், டி, ஏ பிடித்தால் பஜனை போல இருக்கும்.

அடுத்தது பொப் மார்லி அண்ட் த வெய்லர்ஸ். 'த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்' (1977) ஏ, டி, ஈ மூன்றே கோட். சுகம் போலத் தெரியும், ஆனால் பைலா கேட்டு வளர்ந்த கை எப்போதும் முதல் அடியில் பாரம் போடும். ரெகேயில் முதல் அடி காலி. ட்ரம்ஸின் கனம் மூன்றாவது அடியில் விழும். கிற்றார் இரண்டிலும் நாலிலும் 'சக்' என்று வெட்ட வேண்டும். மீட்டிய கணத்திலேயே இடக்கை விரல்களைக் கம்பியில் தொட்டபடி தளர்த்தினால் சத்தம் அறுபடும். ஒற்றைக் கிற்றார் என்பதால் முதல் அடியில் காலால் தரையை மெல்லத் தட்டிக்கொள்ளலாம், கையால் வேண்டாம். மூன்றாவதாக பிங் ஃப்ளொய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975). நடு இரவில், கூட்டம் குறைந்தபின் பாடுங்கள். 45 நிமிடச் சுற்றுக்குப் பத்துப் பாட்டுப் போதும், ரெகே மூன்றை அடுத்தடுத்து வைக்க வேண்டாம்.

கம்பி விடயம் உப்புக்காற்று. ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை தினமும் கடற்கரையில் வாசித்தால் இரண்டு வாரத்தில் கம்பி கறுக்கும். வாசித்து முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துப் பிடித்து இழுத்துத் துடையுங்கள். வியர்வையும் உப்பும் சேர்ந்துதான் துருவாகிறது. மூன்றாவது கம்பியின் உட்கம்பி மிக மெல்லியது, அது அடிக்கடி போகும். முதலாவதும் மூன்றாவதும் கைவசம் இருக்கட்டும். எப்போதும் பாலத்துக் கிட்டவே அறுந்தால் வெள்ளைக் கட்டையில் கூரான விளிம்பு இருக்கிறது, 600ஆம் இலக்க உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். இன்னொன்று: வயர் செருகியிருக்கும் வரை கிற்றாரின் பட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டு முடிந்ததும் ஜக்கைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: நெஞ்சழுத்த முதலுதவிப் பயிற்சியில் 'ஸ்டேயிங் அலைவ்' போட்டார்கள். பெயருக்காகவா?
– தாதிய மாணவி, அம்பாறை

பதில்: வேகத்துக்காக. பீ ஜீஸின் அந்தப் பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 104 அடி. நெஞ்சை அழுத்த வேண்டியது நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம், பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம். 30 அழுத்தம் இந்த வேகத்தில் 17 வினாடியில் முடியும். 1977 ஒலிப்பதிவின்போது ட்ரம்ஸ் வாசிப்பவர் இல்லாததால், இன்னொரு பாட்டின் இரண்டு சுற்றை நாடாவில் வெட்டி வளையமாக ஒட்டி ஓட்டினார்கள். வேகம் கொஞ்சமும் ஆடாததற்கு அதுவே காரணம். அபாவின் 'டான்சிங் குவீன்' 100க்குச் சற்று மேல், அதுவும் உதவும். மேலே சொன்ன குவீன் பாட்டு 81, உதவாது. யாராவது ஒருவர் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்தபின் தொடங்குங்கள்.

கேள்வி: பீட்டில்ஸின் 'நோர்வீஜியன் வுட்' பாட்டில் சிதார் வருகிறது. அது என்ன ராகம்?
– இசை மாணவி, காரைதீவு

பதில்: ராகமாக நினைத்து எழுதியதல்ல, ஆனால் உங்களுக்கு வசப்படும். 1965 டிசம்பரில் வந்த 'ரப்பர் சோல்' இசைத்தட்டில், ஜோர்ஜ் ஹரிசன் சிதாரைப் புதிதாக எடுத்த காலத்தில் வாசித்தது. ஈயை (மூன்று கட்டை) சட்சமாக வையுங்கள். தொடக்க மெட்டு அந்தர காந்தாரம், கைசிகி நிஷாதம் கொண்ட ஹரிகாம்போதி. நடுப்பகுதியில் சட்சமம் மாறாமல் காந்தாரம் மட்டும் சாதாரணமாக இறங்குகிறது. அங்கே கரகரப்பிரியா. உங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகளின் 'யாழ்நூல்' படித்திருந்தால், இவை பழந்தமிழ் இசையின் செம்பாலையும் கோடிப்பாலையும் என்று அடையாளம் காண்பீர்கள்.

கிற்றாரில் இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டு டி பிடியில் தொடங்குங்கள், நடுப்பகுதிக்கு டி மைனர். மெட்டின் சுரங்கள் டி பிடிக்குள்ளேயே சின்னவிரலை வைத்து எடுப்பதில் வரும். தாளம் மூன்று மூன்றாக ஓடும். மட்டக்களப்புப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசை கேட்ட காதுக்கு அது புதிதல்ல. ஆனால் அந்தத் துள்ளலை இங்கே கொண்டுவர வேண்டாம், மூன்றில் முதலாவதை மட்டும் மெல்லத் தொட்டு விடுங்கள். சிதார் இல்லாவிட்டால் வீணையில் வாசிக்கலாம். கமகம் போடத் துடிக்கும் விரலை மட்டும் அடக்குங்கள். ஹரிசன் அதில் சுரங்களைப் பெரும்பாலும் நேராகவே வைத்துப் போகிறார், பாடும் மெட்டை அப்படியே பின்பற்றி.